"இப்போ வலி எத்தனை?"

குழந்தைகள் புற்றுநோய் வார்டில் நர்ஸாக இருக்கிறேன். வலி, மூச்சுத்திணறல், வாந்தி, பயம் இவற்றைத் தணிக்கும் பாலியேட்டிவ் கேர் என் பொறுப்பு. நோய் தெரிந்த நாளிலிருந்தே மற்ற சிகிச்சைகளோடு சேர்த்து இதைத் தொடங்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். "நோயே போகலைன்னா இதால என்ன பலன் சிஸ்டர்?" என்று கேட்காத பாட்டி இல்லை. அந்தப் பலனை அளக்க முடியும். அளந்தே ஆக வேண்டும்.

1980களில் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் டோனா வாங், கோனி பேக்கர் இருவரும் வலியை அளக்க ஆறு முகங்கள் கொண்ட அட்டையை உருவாக்கினார்கள். சிரிக்கும் முகத்துக்கு 0, கண்ணீர் வடிக்கும் முகத்துக்கு 10. மூன்று வயதுப் பிள்ளைகூட விரல் வைத்துக் காட்டிவிடும். பேசத் தெரியாத சிசுவுக்கு வேறு முறை: முகம், கால், உடம்பின் அசைவு, அழுகை, தூக்கினால் சமாதானமாகிறதா என ஐந்தையும் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை போடுவோம். மூளை வளர்ச்சி குன்றிய குழந்தைக்கு அம்மாதான் வழிகாட்டி. "இவ அழ மாட்டா சிஸ்டர், மூச்சைப் பிடிச்சுக்குவா" என்று அவர் சொன்னால் அதையும் குறித்துக்கொள்வோம்.

வலியோடு கணக்கு முடிவதில்லை. ஆப்பிரிக்க பாலியேட்டிவ் கேர் சங்கம் முன்னின்று உருவாக்கிய குழந்தைகளுக்கான அளவுகோலில் பிள்ளையிடம் கேட்கும் கேள்விகளும் உண்டு, வீட்டாரிடம் கேட்கும் கேள்விகளும் உண்டு. லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் அதை வளர்த்து, பிள்ளைக்குத் தனியாகவும் பெற்றோருக்குத் தனியாகவும் வடிவங்கள் தந்திருக்கிறார்கள். அது ஏன் முக்கியம் என்பதை வார்டில் தினமும் பார்க்கிறேன். சாப்பிடவில்லையே என்பது அம்மாவின் கவலை. பிள்ளைக்கோ ராத்திரி தூக்கம் வரவில்லை, பள்ளிக்கூடத் தோழர்கள் மறந்துவிடுவார்களோ என்ற பயம்.

வலியைப் பிள்ளைகள் மறைப்பதும் உண்டு. சொன்னால் ஊசி போடுவார்கள், அம்மா அழுவாள் என்று நினைக்கிறார்கள். "மருந்து வாயிலதான் கண்ணா, ஊசி கிடையாது" என்று உறுதி சொன்ன பிறகே அட்டையை நீட்டுவேன்.

எட்டு என்று காட்டினால் டாக்டர் எழுதிய மார்ஃபினை வாய்வழியாகக் கொடுத்து, ஒரு மணி நேரம் கழித்து மறுபடி கேட்பேன். மூன்றுக்கு இறங்கினால் அதுதான் பலன். இறங்காவிட்டால் உடனே டாக்டருக்குப் போன். கேஸ் ஷீட்டில் எட்டு என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போவது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் அநியாயம்.

உங்கள் பிள்ளை ஆஸ்பத்திரியில் இருந்தால் தயங்காமல் கேளுங்கள்: "இப்போ வலி எத்தனை? மருந்துக்கு அப்புறம் எத்தனை?" காய்ச்சலைக் கேட்கும் உரிமை உங்களுக்கு இருப்பதுபோல இதைக் கேட்கும் உரிமையும் இருக்கிறது.