கல்லை வேகவைக்காதீர்கள்

இரவு பதினோரு மணிக்கு மேல் போன் வரும். "சார், தொட்டி விளக்கை அணைச்சுட்டுப் பார்த்தா லைவ் ராக்குலேர்ந்து பூரான் மாதிரி ஒண்ணு நெளியுது. கல்லை எடுத்துக் கொதிக்கிற தண்ணில போட்டுடட்டுமா?" வேண்டாம். பதற்றத்தில் பலர் செய்யும் முதல் காரியம் இதுதான், செய்யவே கூடாததும் இதுதான்.

லைவ் ராக் என்பது உயிரிகள் ஒட்டி வாழும் கடல்கல். அதில் நீங்கள் பார்த்த முட்புழு மட்டும் இல்லை. பொத்தான் போல் ஒட்டியிருக்கும் ஜோவாந்தித் உயிரிகளில் சிலவற்றில் பாலிடாக்ஸின் என்ற கொடிய நஞ்சு உண்டு. சூடாக்கினால் ஆவியோடு கிளம்பி நுரையீரலுக்குள் போகும். 2018இல் இங்கிலாந்தின் ஸ்டீவன்டனில் தொட்டிப் பவளத்தைச் சுத்தம் செய்த குடும்பமும், உதவிக்குப் போனவர்களும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதாயிற்று. பிரஷ்ஷால் தேய்ப்பதும் ஆபத்துதான்.

புழுவுக்கு வருவோம். முட்புழுக்களில் பெரும்பாலானவை மிச்சத் தீனியையும் செத்த மீனையும் தின்று தொட்டியைச் சுத்தமாக வைப்பவை. செத்த மீனை மொய்க்கும் புழுவைப் பார்த்து, அதுதான் கொன்றது என்று முடிவு கட்டுகிறார்கள். மீன் ஏன் செத்தது என்று தண்ணீரைச் சோதித்துப் பாருங்கள். புழு பெருகினால் தீனியைக் குறையுங்கள். பவளத்தையே மேயும் நெருப்புப் புழு வேறு. பக்கவாட்டில் சிவந்த குஞ்சங்களும் தலையில் சதை மடிப்பும் இருந்தால் அதை அகற்றியாக வேண்டும்.

அகற்றும் முறை: இறால் துண்டு வைத்த சிறு குழாயை இரவில் தொட்டிக்குள் இறக்கி, காலையில் எடுங்கள். வெளியே தெரிவதை நீண்ட இடுக்கியால், கையுறை போட்டு எடுங்கள். வெட்டாதீர்கள், துண்டுகள் மறுபடி வளரக்கூடும். தாமிர மருந்து ஊற்றாதீர்கள். இறால், நத்தை, பவளம் எல்லாம் சாகும். கல்லுக்குள் செத்த புழு அழுகி அம்மோனியா ஏறும்.

வெறுங்கையால் தொட்டுவிட்டால் தேய்க்காதீர்கள். முடி போன்ற முட்கள் உள்ளே போகும். செல்லோ டேப்பை ஒட்டி உரித்தெடுத்து, பிறகு வினிகரால் கழுவுங்கள். கண்ணில் பட்டாலோ மூச்சு திணறினாலோ நேராக டாக்டரிடம் போங்கள்.

இன்னொன்று, யாரும் காதில் வாங்குவதில்லை. பவளம் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. மன்னார் வளைகுடாவில் பெயர்த்த பவளக் கல் உங்கள் தொட்டியில் இருந்தால் வழக்கு உங்கள் மேலும் பாயும். குற்றம் உறுதியானால் சிறை 3 முதல் 7 ஆண்டுகள். "ராமேஸ்வரம் கல், பில் கிடையாது" என்று ஒருவர் விற்றால் வாங்காதீர்கள். வனத்துறைக்கு எழுத்துமூலம் புகார் கொடுங்கள். வாயால் சொன்ன புகாருக்குக் கேட்பாரில்லை. நகலில் முத்திரை வாங்காமல் அலுவலகத்தை விட்டு நகராதீர்கள்.

எதை வாங்கினாலும் உயிரினப் பெயர், தேதி, கடை விவரம் உள்ள பில் கேளுங்கள். இறக்குமதிக் கல் என்றால் அதற்கான அனுமதிக் காகிதத்தையும் கேளுங்கள். செயற்கைக் கல் என்று சொல்லி வேறெதையாவது விற்றால் பில், தேதியோடு எடுத்த படம் இரண்டையும் வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசுங்கள். அப்படியும் தீராவிட்டால், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் மனு கொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்கு மேல் போகாவிட்டால் கட்டணமில்லை. பில் இல்லாமல் போய் நிற்பவருக்கு அங்கே பெரிதாக ஒன்றும் நடக்காது.

எடுத்த புழுவைக் கடலிலோ சாக்கடையிலோ விடாதீர்கள். பையில் கட்டி ஃப்ரீசரில் வைத்து, செத்தபின் குப்பையில் போடுங்கள். கல்லை மட்டும் அடுப்பருகே கொண்டுபோகாதீர்கள்.