உங்களுக்குத் தெரியுமா?

நவீன அடிமைத்தனத்தைத் தோலுரித்த ஓர் அறிக்கைக்காக, பெண்ணுரிமைப் போராளி ஐரின் பெர்னாண்டஸ் 12 ஆண்டுகளுக்கு மேல் கோலாலம்பூர் நீதிமன்றங்களுக்கு நடையாய் நடந்தார்!

• 1995-இல் வெளிவந்த அறிக்கை அது. தடுப்பு முகாம்களில் அந்நியத் தொழிலாளர்கள் பட்ட கொடுமைகளைச் சொன்னது. 300-க்கும் மேற்பட்டோர் தம் வாயால் சொன்னவையே ஆதாரம்.

• 1996-இல் கைது. ‘பொய்ச் செய்தி வெளியிட்டார்’ என்று வழக்கு. 2003-இல் ஓராண்டுச் சிறை என்று தீர்ப்பு. ஜாமீனில் வந்து மேல்முறையீடு செய்தார். 2008-இல்தான் விடுதலை.

• முதலாளிகள் தொழிலாளர்களின் கடப்பிதழைப் பறித்து வைப்பதை எதிர்த்தவர் அவர். வேடிக்கை என்னவென்றால், மேல்முறையீடு நடந்த காலத்தில் அவருடைய கடப்பிதழ் நீதிமன்றத்தின் கையில்!

• முன்னாள் ஆசிரியை. 1991-இல் ‘தெனாகானித்தா’ அமைப்பைத் தொடங்கினார். வீட்டுப் பணிப்பெண்களுக்கு வாரம் ஒருநாள் விடுமுறை என்பது அதன் கோரிக்கைகளில் ஒன்று.