வெடித்த மட்டைக்கு வைத்தியம்! பெவிகாலும் ஒரு நாள் பொறுமையும் போதும்

விருத்தாசலம்,
பீங்கான் தொழிலுக்குப் பேர்போன ஊர் விருத்தாசலம். சூளையில் வெந்தபின் வெடித்த பீங்கானை மறுபடி மண்ணாக்க முடியாது, கழித்துக்கட்ட வேண்டியதுதான். கிரிக்கெட் மட்டை அப்படியல்ல. பையன்கள் மாசக்கணக்கில் காசு சேர்த்து வாங்கிய மட்டை முதல் மேட்சிலேயே வெடித்தாலும் காப்பாற்றி விடலாம்.

எந்தப் பசை?
மயிரிழைக் கீறல் என்றால் 'பெவிகுவிக்' ஒரு சொட்டு போதும். தானே உள்ளே இறங்கிவிடும். ஆனால் காய்ந்ததும் கண்ணாடி மாதிரி ஆகிவிடுவதால் பெரிய வெடிப்பில் பந்து அடிக்குத் தாங்காது. அடிமுனை பிளந்திருந்தால் தச்சர்கள் பயன்படுத்தும் வெள்ளைப் பசையான 'பெவிகால்'தான் கைகொடுக்கும்.

எப்படி ஒட்டுவது?
எண்ணெய் ஊறிய மரத்தில் பசை பிடிக்காது. ஆகவே முதலில் ஒட்டு, அப்புறம்தான் எண்ணெய். வெடிப்பை லேசாக விரித்து, பழைய பிளேடால் பசையை உள்ளே தள்ளவும். வழிவதை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, பழைய சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டி இறுக்கிச் சுற்றவும். ஒரு நாள் முழுக்கத் தொடக்கூடாது. சாயங்கால மேட்சுக்கு அவசரப்பட்டால் மறுபடி பிளந்துவிடும்! காய்ந்தபின் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மேலே டேப் சுற்றலாம்.

கைப்பிடி மட்டைக்குள் இறங்கும் இடம் ஆடினால் மட்டும் நீங்களே கைவைக்காதீர்கள். அது தொழில் தெரிந்தவர் வேலை.

பழுது பார்க்க மட்டைமேல் ஒட்டும் டேப் 1 மில்லிமீட்டர் தடிமனைத் தாண்டக்கூடாது என்று கிரிக்கெட் விதியே இருப்பது குறிப்பிடத்தக்கது.