வளரும் குழந்தையின் முதுகெலும்பும் வைட்டமின் ‘டி’யும்

ஐதராபாத் நகரின் குகட்பள்ளிப் பகுதியில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் நெருங்கி நிற்கின்றன. வெயிலுக்குப் பஞ்சமில்லாத ஊர்தான். ஆயினும் பள்ளி, தனிப்பயிற்சி, வீடு என்று பகற்பொழுது கூரையின் கீழேயே கழியுமானால் குழந்தையின் தோலில் வெயில் படுவதில்லை. சன்னல் கண்ணாடி வழியே வரும் ஒளியும் பயன்படாது. வைட்டமின் ‘டி’ உருவாவதற்கு வேண்டிய புற ஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடுகிறது.

இந்த வைட்டமின் குறைந்தால், உணவிலுள்ள கால்சியத்தைக் குடல் போதிய அளவு ஏற்பதில்லை. வளரும் எலும்பு உறுதி பெறாமல் உடலின் பளுவால் வளைகிறது. ‘ரிக்கெட்ஸ்’ எனப்படும் இந்நோயில் கால்கள் வளைவதே பொதுவான அடையாளம். நோய் முற்றினால் முதுகும் கூனக்கூடும். உரிய காலத்தில் வைட்டமினும் கால்சியமும் அளித்தால் எலும்பு மீண்டும் உறுதி பெறும்.

2016-18ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற விரிவான தேசிய ஊட்டச்சத்து ஆய்வின்படி, 1 முதல் 4 வயதுக் குழந்தைகளில் 14 சதவீதத்தினரிடமும், 5 முதல் 9 வயதினரில் 18 சதவீதத்தினரிடமும், 10 முதல் 19 வயதினரில் 24 சதவீதத்தினரிடமும் வைட்டமின் ‘டி’ பற்றாக்குறை காணப்பட்டது.

பற்றாக்குறை மிகுதியாகக் காணப்படும் வளரிளம் பருவத்திலேதான் ‘ஸ்கோலியோசிஸ்’ எனப்படும் பக்கவாட்டு முதுகெலும்பு வளைவும் பெரும்பாலும் தலைகாட்டுகிறது. ஆகவே, ஒன்றுக்கு மற்றொன்றே காரணம் என்று எண்ணுவது இயல்பு. ஆனால், வளரிளம் பருவத்தினரில் 2 முதல் 3 சதவீதத்தினரிடம் காணப்படும் இவ்வளைவுக்குப் பெரும்பாலும் திட்டமான காரணம் தெரிவதில்லை. இவர்களில் சிலரிடம் வைட்டமின் ‘டி’ குறைந்திருப்பது உண்மையே. அக்குறைவே வளைவை உண்டாக்குகிறது என்பது மெய்ப்பிக்கப்படவில்லை. வைட்டமின் மருந்து இவ்வளைவை நிமிர்த்துவதும் இல்லை.

மருந்தை நம்பிக் காத்திருப்பதால் காலம் வீணாகிறது என்பதே இதிலுள்ள பெருங்கேடு. வளர்ச்சி முடிவதற்குள், வளைவு 25 முதல் 40 பாகை வரை இருக்கும்போது அணியும் உடற்கச்சை, அது மேலும் பெருகாமல் தடுக்க உதவும். அந்த வாய்ப்பு கைநழுவி வளைவு மிகுந்துவிட்டால் அறுவை சிகிச்சை தேவைப்படலாம்.

அளவு மீறிய வைட்டமினும் தீங்கே. 1918இல் குன்னூரில் தொடங்கி, 1958இல் ஐதராபாத்துக்கு மாறிய ஆய்வுக்கூடமே இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். இந்நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் 2020இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கு நாளொன்றுக்கு வேண்டியது 600 அலகு. மருத்துவர் மேற்பார்வையின்றிப் பேரளவில் நெடுநாள் கொடுத்தால் இரத்தத்தில் கால்சியம் மிகுந்து சிறுநீரகம் பாதிக்கப்படும்.

வெயிலில் விளையாட்டு, பால், கேழ்வரகு, கீரை ஆகியவை எலும்புக்கு அடித்தளம். வளைவைக் கண்டறிவதற்கோ விலையுயர்ந்த கருவி தேவையில்லை. கால்களைச் சேர்த்து நின்று குழந்தை முன்னோக்கிக் குனியும்போது, முதுகின் ஒரு பக்கம் உயர்ந்து தெரிந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். பயிற்சி பெற்ற ஆசிரியருக்கு இதற்கு ஒரு நிமிடம் போதும். பின்னாளில் அறுவை சிகிச்சைக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால், பள்ளி உடல்நலச் சோதனையில் இதனைச் சேர்ப்பதற்கு ஆகும் செலவு மிகச் சொற்பமே.