எண்ணெய் மேடையில் ஆள் குறைந்தால், வேலை எங்கே போகும்?



"எண்ணெய்க் கம்பெனியில வேலை கிடைச்சா போதும் சார்." தைப்பிங் பக்கம் படிவம் ஐந்து முடிக்கும் மாணவர்களிடம் இந்த ஆசை உண்டு. பேராக்கில் எண்ணெய்க் கிணறு கிடையாது; திரங்கானு, சபா, சரவாக் கடலுக்குத்தான் போகணும். உடல் உழைப்பு அதிகம், அதற்கேற்ற சம்பளம். அந்த வேலைதான் இப்போது மாறி வருகிறது.

தானியக்கம் என்றால் என்ன?

ஆள் திரும்பத் திரும்பச் செய்யும் வேலையை உணர்கருவி, கணினி, இயந்திரம் மூன்றும் சேர்ந்து செய்வதே தானியக்கம். துளையிடும் குழாய்களை முன்பு தொழிலாளர்கள் கையால் பிடித்துப் பூட்டினார்கள். விரல் நசுங்கும் ஆபத்து இருந்தது. இன்று இயந்திரக் கை பூட்டுகிறது. ஒருவர் அறையில் உட்கார்ந்து இயக்குகிறார். அழுத்தமானியைப் போய்ப் பார்த்துக் குறித்துக்கொள்ளவும் ஆள் வேண்டாம். அளவு தானாகவே திரைக்கு வந்துவிடும்.

நோர்வேயில் 2018-இல் உற்பத்தியைத் தொடங்கிய ஓசெபெர்க் எச் மேடையில் தங்கும் அறையும் இல்லை, ஹெலிகாப்டர் தளமும் இல்லை. அருகிலுள்ள முதன்மை மேடையிலிருந்தே அதை இயக்குகிறார்கள். பராமரிப்புக்கு மட்டும் ஆள் போய் வருவார்கள்.

ஆக, ஆபத்து குறைகிறது, ஆளும் குறைகிறது. சுமை தூக்குவோர், குழாய் பூட்டுவோர் இடம் சுருங்கும். கருவிப் பராமரிப்பு, மின்னியல், தரவு ஆய்வு தெரிந்தவருக்கு இடம் உண்டு. ஆனால் அந்த வேலைகளுக்குக் கொஞ்சப் பேர் போதும், படிப்பு அதிகம் வேண்டும்.

பேராக் சொல்லும் பாடம்

தைப்பிங் ஈயத்தால் வளர்ந்த ஊர். மண்வெட்டியும் கூடையுமாகப் பலர் செய்த வேலையை, பின்னர் வந்த ஈயக் கப்பல்கள் சிலரை வைத்தே செய்தன. 1938-இல் கட்டப்பட்ட அப்படியொரு கப்பலைத் தஞ்சோங் துவாலாங் அருகே இன்றும் பார்க்கலாம். 1985-இல் ஈய விலை சரிந்தபோது இயந்திரங்களும் நின்றன. இயந்திரம் ஆளைக் குறைத்தது. விலை தொழிலையே முடக்கியது.

தேர்வில் இந்த இரண்டு காரணங்களையும் பிரித்து எழுதுங்கள். 2025 ஜூனில் பெட்ரோனாஸ் ஏறத்தாழ 10 விழுக்காடு ஊழியர்களைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. "எல்லாம் ரோபோ செஞ்ச வேலை" என்று எழுதிவிடாதீர்கள். அப்போது எண்ணெய் விலையும் இறங்கியிருந்தது, செலவுக் குறைப்பும் தேவைப்பட்டது.

மாணவர் செய்ய வேண்டியது

ஒரே தொழிலை நம்பாமல், பல இடத்துக்கும் பொருந்தும் திறனைப் படியுங்கள். கருவியியல், மின்னியல் தெரிந்தவருக்குச் செம்பனை ஆலையிலும் தொழிற்சாலையிலும் வேலை உண்டு. ஈப்போவின் உங்கு ஓமார் போலிடெக்னிக், ஸ்ரீ இஸ்கண்டாரின் பெட்ரோனாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இரண்டும் நம் மாநிலத்திலேயே இருக்கின்றன. கணிதத்தையும் இயற்பியலையும் மட்டும் விட்டுடாதீங்க.

பயிற்சி: தானியக்கத்தால் தொழிலாளருக்கு விளையும் இரண்டு நன்மைகளையும் இரண்டு பாதிப்புகளையும் எடுத்துக்காட்டுடன் விளக்குக.