மூச்சை எண்ணிய பதின்மூன்று பேர்

குழந்தைகளே! ராத்திரியில் திடீரென்று கரண்ட் போய்விட்டால் என்ன செய்வீர்கள்? "அம்மா!" என்று ஒரு கத்தல். பிறகு டார்ச் எங்கே, மெழுகுவத்தி எங்கே, தீப்பெட்டி எங்கே என்று தடவித் தேடுவீர்கள். ஐந்து நிமிடத்தில் வெளிச்சம் வந்துவிடும். அந்த ஐந்து நிமிடமே நமக்கு ஒரு யுகம் போலத் தோன்றும், இல்லையா?

பகலா, இரவா என்றே தெரியாத இருட்டில், ஒரு வாய்ச் சோறு இல்லாமல், ஒன்பது இரவுகள் உட்கார்ந்திருந்த பிள்ளைகளைப் பற்றித்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன். உங்கள் வயதுப் பிள்ளைகள்தான்.

தாய்லாந்து நாட்டின் வடகோடியில் சியாங் ராய் என்றொரு மாகாணம் இருக்கிறது. அங்கே மியான்மர் எல்லையை ஒட்டி மே சாய் என்ற ஊர். அந்தப் பகுதிச் சிறுவர்களின் கால்பந்து அணிக்குப் பெயர் 'காட்டுப்பன்றிகள்'. சிரிக்காதீர்கள்! நம் ஊர்ப் பையன்கள் 'புலிகள்', 'சிங்கங்கள்' என்று கிரிக்கெட் அணிக்குப் பெயர் வைப்பதில்லையா, அதுபோலத்தான்.

2018 ஜூன் 23, சனிக்கிழமை. பயிற்சி முடிந்ததும் அந்த அணியின் 12 சிறுவர்களும், 25 வயது உதவிப் பயிற்சியாளரும் சைக்கிளை மிதித்துக்கொண்டு தாம் லுவாங் என்ற குகைக்குப் போனார்கள். சிறுவர்களில் மிகச் சிறியவனுக்கு 11 வயது, பெரியவனுக்கு 16. சைக்கிள்களை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே நடந்தார்கள். ஒரு மணி நேரம் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்பதுதான் திட்டம். கையில் சாப்பாடு எதுவும் எடுத்துப் போகவில்லை.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. மலைமேல் பெய்த மழைநீரெல்லாம் குகைக்குள் இறங்கி, அவர்கள் வந்த வழியை மூடிவிட்டது. தண்ணீர் ஏற ஏற, அவர்களும் உள்ளே உள்ளே நகர்ந்து போனார்கள். கடைசியில், வாசலிலிருந்து சுமார் 4 கிலோமீட்டர் உள்ளே, ஒரு மேட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். சுற்றிலும் சேறும் தண்ணீரும்தான்.

பயிற்சியாளரின் பெயர் எக்கபோல் சந்தாவோங். பிள்ளைகள் 'எக்' என்று கூப்பிடுவார்கள். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தவர். புத்த மடத்தில் சேர்ந்து, சாமணேரராகப் பல ஆண்டுகள் வாழ்ந்தவர். சாமணேரர் என்றால் இளந்துறவி. தலையை மழித்து, காவி உடுத்தி, மூத்த பிக்குகளிடம் பாடம் கேட்கும் மாணவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தாய்லாந்தில் நிறையச் சிறுவர்கள் சில வாரங்களோ சில மாதங்களோ இப்படி இருந்துவிட்டு வீடு திரும்புவது வழக்கம். எக் நீண்ட காலம் இருந்தார். பிறகு, உடல்நலம் குன்றிய பாட்டியைக் கவனித்துக்கொள்வதற்காக மடத்தை விட்டு வெளியே வந்தார்.

அந்த மடத்தில் கற்ற ஒரு பாடம் அவரிடம் இருந்தது. பாறையிலிருந்து சொட்டும் சுத்தமான நீரை மட்டும் குடியுங்கள், தரையில் ஓடும் கலங்கல் நீரைத் தொடாதீர்கள் என்றார். வழி கிடைக்குமா என்று எல்லோரும் கற்களால் சுவரைத் தோண்டிப் பார்த்தார்கள். மற்ற நேரத்தில், அசையாமல் உட்கார்ந்து மூச்சைக் கவனிக்கச் சொல்லிக் கொடுத்தார்.

"பசிக்குது சார் என்று அழுகிற பிள்ளையிடம் மூச்சைக் கவனி என்றால் நடக்குமா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல, இந்தப் பதின்மூன்று பேரையும் அந்த மேட்டிலேயே கொஞ்சம் விட்டுவிட்டு, இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகள் பின்னால் போக வேண்டும்.

நாவல் மர நிழலில்

சித்தார்த்தர் அரண்மனையை விட்டு வெளியேறிய கதை உங்கள் பாடப் புத்தகத்தில் இருக்கும். அதற்குப் பிறகு ஆறு ஆண்டுகள் அவர் பட்ட பாடு பல புத்தகங்களில் ஒரே வரியில் முடிந்துவிடும். எனக்கு அது ஒரு குறை. ஏனென்றால் கதையின் உயிரே அங்கேதான் இருக்கிறது.

மனத்தை அடக்க வேண்டுமானால் உடம்பை வதைக்க வேண்டும் என்று அந்தக் காலத்தில் பலர் நம்பினார்கள். சித்தார்த்தரும் அதைச் செய்து பார்த்தார். மூச்சை இறுக்கி அடக்கினார். காதுக்குள் காற்று இரைந்தது. தலைக்குள் வாளை இறக்கியது போல வலித்தது. விடவில்லை, மறுபடியும் அடக்கினார். வயிறு எரிந்தது, உடம்பு தணலில் போட்டது போலக் கொதித்தது. பிறகு சாப்பாட்டையும் குறைத்தார். வயிற்றைத் தொட்டால் முதுகெலும்பு தட்டுப்படும் அளவுக்கு இளைத்துப் போனார். இத்தனையும் செய்து, தேடியது கிடைக்கவில்லை!

அப்போதுதான் அவருக்குச் சின்ன வயது ஞாபகம் ஒன்று வந்தது. அவருடைய தந்தை ஏர் உழும் வேலையில் இருக்கிறார். சிறுவன் சித்தார்த்தன் ஒரு நாவல் மரத்து நிழலில் தனியாக உட்கார்ந்திருக்கிறான். யாரும் எதுவும் சொல்லித் தரவில்லை. மனம் தானாக அமைதியாகி, ஒரு சந்தோஷம் பிறக்கிறது. 'அடடா, வழி இதுவாக இருக்குமோ?' என்று அவருக்குத் தோன்றியது. பட்டினியை நிறுத்தினார், சோறு சாப்பிட்டார், அதன்பிறகே ஞானம் பெற்றார். புத்தரே தம் வாயால் சொன்னதாகப் பாலி மொழி நூல்களில் இந்த நிகழ்ச்சி வருகிறது.

ஆகவே புத்தர் பிறகு கற்றுத் தந்த மூச்சுப் பயிற்சியில் 'அடக்கு' என்ற பேச்சே கிடையாது. 'தெரிந்துகொள்' என்பதுதான். நீளமாக மூச்சு வந்தால் இது நீளம் என்று தெரிந்துகொள். குட்டையாக வந்தால் இது குட்டை என்று தெரிந்துகொள். அவ்வளவுதான். மரம் கடைகிறவர் பட்டறையில் வேலை செய்வதைப் பார்த்திருக்கிறீர்களா? நீள இழுப்பா, சின்ன இழுப்பா என்பது அவர் கைக்குத் தெரியும். அந்த உவமையைத்தான் புத்தர் காட்டினார்.

இந்தப் பயிற்சிக்கு 'ஆனாபானசதி' என்று பெயர். ஆனம், அபானம் என்றால் உள்மூச்சு, வெளிமூச்சு. சதி என்பது பாலி மொழியில் விழிப்பான கவனம். (நம் கதைகளில் மந்திரி செய்கிற சதி வேறு!)

புத்தர் இதை முதிர்ந்த துறவிகளுக்கு மட்டும் சொல்லவில்லை. தம் சொந்த மகன் ராகுலனுக்கும் சொன்னார். ராகுலன் ஏழு வயதில் சாமணேரராகச் சேர்ந்தவர் என்பார்கள். பௌத்தத்தின் முதல் சாமணேரர் அவர்தான். வளர்ந்த பிறகு ஒருநாள், ராகுலன் ஒரு மரத்தடியில் அமர்ந்திருந்தபோது, புத்தரின் முதன்மைச் சீடரான சாரிபுத்தர் பார்த்துவிட்டு, "மூச்சைக் கவனிக்கப் பழகு" என்று சொல்லிவிட்டுப் போனார். எப்படிப் பழகுவது? மாலையில் தந்தையிடமே போய்க் கேட்டார் ராகுலன். புத்தர் உடனே மூச்சுக்கு வரவில்லை. "முதலில் பூமியைப் போல இரு" என்றார். பூமியின் மேல் நல்லதையும் போடுகிறார்கள், அசிங்கத்தையும் போடுகிறார்கள். பூமி முகம் சுளிப்பதில்லை. அதன்பிறகே மூச்சுப் பயிற்சியைப் படிப்படியாக விளக்கினார்.

கன்றுக்குட்டியும் வாயிற்காவலரும்

மனம் எப்படிப்பட்டது? காட்டில் ஒரு கிளையை விட்டு மறு கிளையைப் பிடிக்கும் குரங்கு மாதிரி என்று புத்தர் சொல்லியிருக்கிறார். நம் பாட்டிமார்களும் இதையே சொல்வார்கள். கணக்குப் போட உட்கார்ந்தால் மனம் பக்கத்து வீட்டு டிவிக்குப் போகும். அதை இழுத்து வந்தால் நாளைய டிபன் பாக்ஸுக்குத் தாவும்.

இந்தக் குரங்கை எப்படி உட்கார வைப்பது? ஐந்தாம் நூற்றாண்டில் இலங்கையின் அனுராதபுரத்தில் இருந்த புத்தகோசர் என்ற துறவி, 'விசுத்திமக்கம்' என்ற பெரிய நூலில் இதை விரிவாக எழுதினார். அவர் எழுதிய உவமைகள் எல்லாம் கிராமத்து வாழ்க்கையிலிருந்து எடுத்தவை. பால் குடித்துத் திரிந்த முரட்டுக் கன்றை இடையர் ஒரு முளையில் கட்டுகிறார். கன்று அங்கும் இங்கும் இழுக்கும், திமிறும். கயிறு அறாது என்று தெரிந்ததும், அந்த முளைக்குப் பக்கத்திலேயே படுத்துக்கொள்ளும். மனம்தான் கன்று. மூச்சு முளை. கவனம் கயிறு.

இன்னொன்று எனக்கு மிகவும் பிடிக்கும். கோட்டை வாசலில் ஒரு காவலர் நிற்கிறார். ஊருக்குள் இருப்பவர்களையும், வெளியே போய்விட்டவர்களையும் அவர் துருவித் துருவி விசாரிப்பதில்லை. வாசலைக் கடக்கும் ஆளை மட்டும் பார்க்கிறார். அதுபோல, மூச்சின் பின்னாலேயே நுரையீரல் வரைக்கும் போக வேண்டாம். மூக்கு நுனியில், காற்று உரசும் இடத்தில் மட்டும் கவனம் வைத்தால் போதும்.

புதிதாகப் பழகுகிறவர்கள் மூச்சை எண்ண வேண்டும் என்கிறார் புத்தகோசர். அதற்கு ஒரு விதியும் வைத்தார். ஐந்துக்குக் குறையக் கூடாது, பத்தைத் தாண்டக் கூடாது! ஐந்துக்குள் நிறுத்தினால், நெருக்கமான பட்டியில் அடைத்த மாடுகள் போல மனம் முட்டி மோதும். பத்துக்கு மேல் போனால், மூச்சை விட்டுவிட்டு எண்ணிக்கையைப் பிடித்துக்கொள்ளும்.

இது எவ்வளவு சரி என்பதை என் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் பார்த்தேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் முதல் பீரியடில், கண்ணை மூடிப் பத்து மூச்சு எண்ணச் சொல்வேன். ஒரு பையன் ஒருநாள் கண்ணைத் திறந்து, "சார், நான் முப்பத்தேழு வரைக்கும் வந்துட்டேன்" என்றான். வகுப்பே சிரித்தது. பத்தில் நிறுத்தி ஒன்றுக்குத் திரும்ப வேண்டும் என்பதே அவனுக்கு மறந்துபோயிருந்தது. வாய் எண்ணிக்கொண்டிருந்தது, ஆள் மைதானத்தில் இருந்தான்! பக்கத்திலிருந்த ஒரு பெண், "நான் நாலுக்கு மேல போகவே முடியல சார். நாலுல மறந்துடுது, மறுபடி ஒண்ணு" என்றாள். நான் அவளைத்தான் பாராட்டினேன். மறந்துவிட்டோம் என்று கண்டுபிடித்தாளே, அதுதான் பயிற்சி.

நீங்களும் செய்து பார்க்கலாம். முதுகை நேராக்கி வசதியாக உட்காருங்கள். நாற்காலியானாலும் சரி. உள்ளே போய் வெளியே வந்தால் ஒன்று. இப்படிப் பத்து வரை, பிறகு மறுபடி ஒன்றிலிருந்து. மூச்சை இழுத்துப் பிடிக்காதீர்கள், வேகப்படுத்தாதீர்கள். அது வருகிறபடி வரட்டும். தலை சுற்றுவது போல இருந்தால் நிறுத்திவிட்டு எழுந்து போய் விளையாடுங்கள். தண்ணீருக்குள் மூச்சடக்கும் பந்தயத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

மூச்சை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்று யோசித்தீர்களா? இதயத்தை 'மெதுவாக அடி' என்று நாம் நேரடியாகக் கட்டளையிட முடியாது. ஆனால் மூச்சு இரண்டு எஜமானர்களுக்கு வேலை செய்கிறது. நாம் தூங்கும்போது மூளையின் அடிப்பகுதியில் உள்ள முகுளம் அதைப் பார்த்துக்கொள்கிறது. விழித்திருக்கும்போது நாமும் அதைப் பார்க்கலாம், மெதுவாக்கலாம். பயந்தால் மூச்சு வேகமாகிறது. மூச்சு நிதானமானால் படபடப்பும் கொஞ்சம் குறைகிறது. தவிர, முளையைத் தேடி எங்கும் போக வேண்டாம். குகைக்குள்ளும் மூச்சு கூடவே வரும்.

மறுபடியும் குகைக்குள்

ஜூலை 2, திங்கட்கிழமை இரவு. பிரிட்டனைச் சேர்ந்த ரிக் ஸ்டாண்டன், ஜான் வொலாந்தன் என்ற இரண்டு குகை நீச்சல் வீரர்கள் தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கினார்கள். விளக்கு வெளிச்சத்தில் மெலிந்த முகங்கள் தெரிந்தன. "எத்தனை பேர்?" என்று கேட்டார் வொலாந்தன். "பதின்மூன்று" என்று பதில் வந்தது. எல்லோரும் உயிரோடு இருந்தார்கள்! ஆங்கிலத்தில் பேசியவன் அதுல் என்ற 14 வயதுச் சிறுவன். உள்ளே எத்தனை நாள் ஆயிற்று என்பதை அவர்கள் சொல்லித்தான் பிள்ளைகள் தெரிந்துகொண்டார்கள். பிறகு வீட்டுக்குக் கடிதம் எழுதி அனுப்பினார்கள். அதில் ஒரு பையன், வெளியே வந்ததும் வீட்டுப்பாடம் நிறையக் கொடுத்துவிடாதீர்கள் என்று ஆசிரியருக்கும் வேண்டுகோள் வைத்திருந்தான்! பெற்றோர்களிடம் எக் மன்னிப்புக் கேட்டு எழுதினார். அவர்களோ, உன்மேல் எங்களுக்குக் கோபமில்லை என்று பதில் எழுதினார்கள்.

கண்டுபிடித்தாயிற்று, ஆனால் கூட்டி வருவது எப்படி? குகைக்குள் ஆக்சிஜன் 15 சதவீதமாகக் குறைந்துவிட்டது. வெளிக்காற்றில் அது 21 சதவீதம். நம் நாட்டின் கிர்லோஸ்கர் நிறுவனப் பம்ப் வல்லுநர்கள் உட்பட, பல நாட்டவர்கள் தண்ணீரை இறைக்க உதவினார்கள். இறைத்த நீர் சுற்றியிருந்த வயல்களில் புகுந்து நடவைப் பாழாக்கியது. அந்த விவசாயிகளில் சிலர் நஷ்டஈடு கூட வேண்டாம் என்றார்கள்.

ஜூலை 6 அன்று, தாய்லாந்துக் கடற்படையின் முன்னாள் வீரர் சமான் குணான், உள்ளே காற்று உருளைகளை வைத்துவிட்டுத் திரும்பும் வழியில் உயிரிழந்தார். தேர்ந்த நீச்சல் வீரரையே பலி வாங்கிய பாதை அது. குகை நீச்சலில் பழக்கமே இல்லாத பிள்ளைகளை எப்படி அனுப்புவது? இங்கே தியானம் போதாது என்பதை மீட்புக் குழுவினர் நன்றாக அறிந்திருந்தார்கள். கலங்கல் நீருக்கடியில் ஒரு நிமிடம் பதறினாலும் உயிர் போய்விடும். ஆகவே ஆஸ்திரேலிய மயக்க மருத்துவர் ரிச்சர்ட் ஹாரிஸ், ஒவ்வொருவருக்கும் ஊசி போட்டு மயங்க வைத்தார். முகம் முழுவதையும் மூடும் கவசம் அணிவித்து, நீச்சல் வீரர்கள் ஒவ்வொருவராக ஏந்தி வந்தார்கள். ஜூலை 8 அன்று நான்கு பேர், 9 அன்று நான்கு பேர், 10 அன்று எக் உட்பட ஐந்து பேர். பதின்மூன்று பேரும் வெளியே வந்துவிட்டார்கள்.

அவர்கள் உயிரோடு வந்ததற்குக் காரணம் நீச்சல் வீரர்களும் மருத்துவர்களும் பம்புகளும்தான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் யாராவது வருவார்களா என்றே தெரியாத அந்த ஒன்பது இரவுகளில் நீச்சல் வீரரும் இல்லை, மருத்துவரும் இல்லை. இருட்டு, பசி, பன்னிரண்டு பிள்ளைகள், மூச்சைக் கவனிக்கத் தெரிந்த ஓர் அண்ணன், அவ்வளவுதான்.

ஜூலை 25 அன்று, இறந்துபோன சமான் குணானின் நினைவாக, பதினோரு சிறுவர்கள் தலை மழித்துச் சாமணேரர்கள் ஆனார்கள். எக் பிக்குவாகத் துறவு ஏற்றார். சிறுவர்கள் ஆகஸ்ட் 4 வரை மடத்தில் இருந்துவிட்டு வீடு திரும்பினார்கள். பன்னிரண்டாவது சிறுவன் எங்கே என்று கேட்கிறீர்களா? அதுல் கிறிஸ்தவன். நண்பர்கள் மடத்துக்குப் போனபோது, அவன் தன் தேவாலயத்துக்குப் போனான்.