இலவசமாக வந்த மென்பொருள்: பராமரிப்பது யார்?

2018 ஏப்ரல் 6 அன்று, மத்தியப் பாதுகாப்பு அமைச்சகத்தின் இணையதளத்தைத் திறந்தவர்கள் திகைத்துப்போனார்கள். வழக்கமான முகப்புப் பக்கம் இல்லை. ஒரு பிழைச் செய்தியும் ஒரு சீன எழுத்தும்தான் தெரிந்தன. ‘சீன ஊடுருவல்’ என்ற பேச்சு சிறிது நேரத்தில் நாடெங்கும் பரவியது. தளம் ஊடுருவப்பட்டதைத் தொடர்ந்து நடவடிக்கை எடுக்கப்பட்டுவருவதாக, அன்றைய பாதுகாப்பு அமைச்சர் நிர்மலா சீதாராமனே ட்விட்டரில் தெரிவித்தார். பிறகு அரசுத் தரப்பிலிருந்து வேறு விளக்கம் வந்தது: ஊடுருவல் ஏதும் நிகழவில்லை, வன்பொருள் கோளாறு காரணமாக அந்தத் தளத்துடன் வேறு சில அரசுத் தளங்களும் முடங்கின.

அப்படியென்றால் அந்தச் சீன எழுத்து எங்கிருந்து வந்தது? அமைச்சகத்தின் தளம் ‘ட்ருபல்’ என்னும் திறந்தமூல மென்பொருளில் இயங்கியது. அந்த மென்பொருளுக்கு ‘ஜென்’ என்ற பெயரில் ஒரு வடிவமைப்பு வார்ப்புரு உண்டு. ஜென் என்பதைக் குறிக்கும் எழுத்தே அதன் சின்னம். தளம் முறையாக இயங்க முடியாத நேரத்தில், வார்ப்புருவோடு வந்த சின்னம் வெளியே எட்டிப்பார்த்துவிட்டது. ட்ருபல் தளங்களை உருவாக்குபவர்களுக்கு நன்கு பழக்கமான சின்னம் அது. ஆனால், அதை உடனே அடையாளம் கண்டு அமைச்சருக்குச் சொல்லும் ஏற்பாடு அரசிடம் இருக்கவில்லை.

இதில் இன்னொரு விஷயம் பெரிதாகப் பேசப்படாமலேயே போனது. அந்தப் பரபரப்புக்கு ஒன்பது நாள்களுக்கு முன்பு, மார்ச் 28 அன்று, ட்ருபலில் மிகக் கடுமையான பாதுகாப்பு ஓட்டை ஒன்று இருப்பதாக அதன் பாதுகாப்புக் குழு அறிவித்து, அதற்கான திருத்தத்தையும் வெளியிட்டிருந்தது. திருத்தம் செய்யப்படாத எந்தத் தளத்தையும், கடவுச்சொல் இல்லாமலேயே வெளியாள் ஒருவர் கைப்பற்றிவிட முடியும் என்ற நிலை. ஒரு சின்னத்தைக் கண்டு அஞ்சிய நாம், எத்தனை அரசுத் தளங்களில் அந்த ஓட்டை அடைக்கப்பட்டது என்று கேட்கவில்லை.

ஏன் திறந்தமூலம்?

திறந்தமூல மென்பொருளை அரசுகள் விரும்புவதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. உரிமக் கட்டணம் இல்லை. மூல நிரல் அனைவரின் பார்வைக்கும் திறந்திருப்பதால், அது என்ன செய்கிறது என்று சோதித்துப் பார்க்கலாம், தேவைக்கேற்ப மாற்றலாம். ஒரே நிறுவனத்திடம் சிறைப்பட வேண்டியதில்லை. 2009-ல் அமெரிக்க அதிபர் மாளிகை தன்னுடைய இணையதளத்தை ட்ருபலுக்கு மாற்றியபோது, உலகின் பல அரசுகளுக்கும் அது ஒரு முன்னுதாரணம் ஆனது. 2017 டிசம்பரில் அதே தளம் ‘வேர்டுபிரஸ்’ என்னும் இன்னொரு திறந்தமூல மென்பொருளுக்கு மாறியது.

இந்திய அரசு 2015-ல் வெளியிட்ட கொள்கை, மின்னாளுமைத் திட்டங்களில் திறந்தமூல மென்பொருளுக்கே முன்னுரிமை என்று அறிவித்தது. அதைத் தவிர்ப்பதென்றால் அதற்கான காரணத்தைக் கூற வேண்டும். அரசின் தரவுகளைப் பொதுமக்களுக்குத் திறந்துவைக்கும் தளத்துக்காக இந்தியாவும் அமெரிக்காவும் இணைந்து உருவாக்கிய மேடையும் ட்ருபல் மீதே கட்டப்பட்டது. பொதுப் பணத்தில் உருவாகும் ஒன்று பொதுவில் இருக்க வேண்டும் என்ற கொள்கையில் தவறேதும் இல்லை. சிக்கல், அந்தக் கொள்கை ஒப்பந்தப்புள்ளி ஆவணமாகவும் அன்றாட அலுவலகப் பணியாகவும் மாறும் இடத்தில் தொடங்குகிறது.

ஏழு மணி நேரக் கெடு

2014 அக்டோபர் 15 அன்று ட்ருபலில் கண்டறியப்பட்ட வேறொரு ஓட்டை, இந்தச் சிக்கலின் தன்மையைத் தெளிவாகக் காட்டுகிறது. திருத்தம் வெளியானபோது இந்திய நேரம் இரவு 9.30. இரண்டு வாரம் கழித்து ட்ருபல் பாதுகாப்புக் குழு ஓர் எச்சரிக்கை வெளியிட்டது: திருத்தம் வெளியான 7 மணி நேரத்துக்குள் அதை நிறுவாத ட்ருபல்-7 தளங்கள் அனைத்தும் ஊடுருவப்பட்டுவிட்டதாகவே கருத வேண்டும். அதாவது, இந்திய நேரப்படி அதிகாலை 4.30 மணி வரைதான் அவகாசம். அந்த இரவில் எந்த அரசு அலுவலகம் திறந்திருந்திருக்கும்? காலை 10 மணிக்கு ஊழியர் வந்து திருத்தத்தை நிறுவியிருந்தாலும் பயனில்லை. உள்ளே புகுந்தவர் அதற்குள் கள்ள வாசல் ஒன்றை அமைத்திருந்தால், பூட்டை மாற்றியும் அவர் வந்துபோய்க்கொண்டேதான் இருப்பார்.

மூல நிரல் திறந்திருப்பதன் மறுபக்கம் இது. திருத்தம் வெளியான கணத்திலேயே, எந்த வரி மாற்றப்பட்டிருக்கிறது என்பதைப் பார்த்து, ஓட்டை எங்கே இருந்தது என்று எவரும் அறிந்துகொள்ளலாம். மூடிய மென்பொருளிலும் ஓட்டைகள் உண்டு. திருத்தத்தை ஆராய்ந்து அவற்றைக் கண்டறிபவர்களும் உண்டு. ஆனால், பல லட்சம் தளங்கள் ஒரே நிரலில் இயங்கும்போது, தாக்குபவருக்கு வேலை மிகவும் எளிதாகிவிடுகிறது. ஒரே சாவியால் தெரு முழுவதும் கதவுகளைத் திறந்து பார்க்கலாம்.

வேர்டுபிரஸ் 2013 முதல் சிறு திருத்தங்களைத் தானாகவே நிறுவிக்கொள்ளும் வசதியைக் கொண்டிருக்கிறது. ஆயினும், தளத்தின் தோற்றமோ செயல்பாடோ கெட்டுவிடும் என்ற அச்சத்தில் பல நிறுவனங்கள் அந்த வசதியை முடக்கிவைக்கின்றன. 2017 ஜனவரி 26 அன்று, இந்தியாவில் குடியரசு நாள் விடுமுறையில், வேர்டுபிரஸின் முக்கியத் திருத்தம் ஒன்று வந்தது. ஓட்டையின் விவரம் சில நாள்கள் ரகசியமாக வைக்கப்பட்டுப் பின்னர் வெளியிடப்பட்டது. அதற்குப் பிறகும் திருத்தத்தை நிறுவாத தளங்களில், லட்சக்கணக்கான பக்கங்கள் சிதைக்கப்பட்டன.

ஒப்பந்தம் முடிந்த பிறகு

நம் நாட்டில் ஓர் அரசுத் துறைக்கு இணையதளம் எப்படி உருவாகிறது? ஒப்பந்தப்புள்ளி கோரப்படுகிறது. பெரும்பாலும் குறைந்த விலை கூறுபவர் தேர்வாகிறார். மென்பொருள் இலவசம் என்பதால், விலையை எங்கே குறைப்பது என்பதும் அவருக்குத் தெரியும்: ஆள்கூலியில், அதிலும் குறிப்பாகப் பிந்தைய பராமரிப்பில். ட்ருபலிலும் வேர்டுபிரஸிலும் அடிப்படை நிரல் ஒன்று. அதனுடன் இணைக்கப்படும் செருகுநிரல்கள் பல. வேர்டுபிரஸுக்கு மட்டும் 50,000-க்கும் மேற்பட்ட செருகுநிரல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றில் பல, தனிநபர் ஒருவர் ஓய்வு நேரத்தில் எழுதியவை. அவர் ஆர்வம் இழந்தால் அந்தச் செருகுநிரல் அநாதையாகிவிடும். ஒப்பந்ததாரர் இப்படிப் பத்து, இருபது செருகுநிரல்களைக் கோத்துத் தளத்தை ஒப்படைக்கிறார். எவையெல்லாம் இணைக்கப்பட்டிருக்கின்றன என்ற பட்டியல்கூடப் பல துறைகளின் கோப்புகளில் இருப்பதில்லை.

சில ஒப்பந்ததாரர்கள், துறை கேட்ட ஒரு சிறு வசதிக்காக அடிப்படை நிரலிலேயே கைவைத்துவிடுகிறார்கள். அதன் பிறகு வரும் எந்தத் திருத்தத்தை நிறுவினாலும், அவர் செய்த மாற்றம் அழிந்து தளம் குலைந்துபோகும். எனவே திருத்தம் நிறுவப்படுவதில்லை. ஒப்பந்தக் காலம் முடிகிறது; தளத்தை அறிந்தவர் விலகிச் செல்கிறார். ஒரே நிறுவனத்திடம் சிறைப்படக் கூடாது என்று எண்ணித்தான் திறந்தமூலத்தைத் தேர்ந்தெடுத்தோம். கடைசியில், தொடர்பு எல்லைக்கு அப்பால் போய்விட்ட ஓர் ஒப்பந்ததாரரிடம் சிறைப்படுகிறோம்.

இதற்கு நடைமுறை விதிகளும் ஒரு காரணம். அரசுத் தளங்கள் பொதுப் பயன்பாட்டுக்கு வருவதற்கு முன், செர்ட்-இன் அமைப்பின் அங்கீகாரம் பெற்ற தணிக்கையாளரிடம் பாதுகாப்புச் சான்றிதழ் பெற வேண்டும். நல்ல விதிதான். ஆனால், அந்தச் சான்றிதழ் அந்த நாளில் இருந்த நிரலுக்கு உரியது. அடுத்த மாதமே புதிய ஓட்டை வெளிப்படலாம். நிரலை மாற்றினால் மறுதணிக்கை, அதற்குச் செலவு, அதற்கு ஒப்புதல் என்று கோப்பு நகர வேண்டியிருந்தால், மாற்றாமல் விட்டுவிடுவதே அலுவலருக்குப் பாதுகாப்பானதாகத் தோன்றும். தளத்தின் பாதுகாப்புக்காக வந்த விதியே, தளம் பழையதாகத் தேங்குவதற்கும் வழிசெய்துவிடுகிறது.

பதிப்பு மாறும்போது

பழைய பதிப்பிலேயே தங்கிவிடவும் முடியாது. 2011 ஜனவரியில் வெளிவந்த ட்ருபல்-7, மிக அதிகமாகப் பயன்படுத்தப்பட்ட பதிப்புகளில் ஒன்று. அடுத்து 2015-ல் வந்த ட்ருபல்-8, அடித்தளத்திலிருந்தே மாற்றி எழுதப்பட்டது. ஆகவே, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்வது ஏறத்தாழ புதிய தளம் கட்டி, பழைய வீட்டின் பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்துச் செல்வதைப் போன்றது. ட்ருபல்-7-க்கான ஆதரவு 2021-ல் முடியும் என்று முதலில் அறிவிக்கப்பட்டுப் பலமுறை தள்ளிவைக்கப்பட்டு, 2025 ஜனவரி 5-ல்தான் முடிவுக்கு வந்தது. அந்தத் தள்ளிவைப்புகளே, எத்தனை பேர் மாற முடியாமல் திணறினார்கள் என்பதற்குச் சாட்சி.

மாறும்போது இழப்பு யாருக்கு? பழைய முகவரிகள் செயலிழக்கின்றன. நீதிமன்ற மனுவில் ஒரு வழக்கறிஞர் மேற்கோள் காட்டிய அரசாணையின் இணைப்பு, ஆய்வேட்டில் ஒரு மாணவர் குறிப்பிட்ட புள்ளிவிவரப் பக்கம், ஓய்வூதியர் ஒருவர் சேமித்துவைத்திருந்த விண்ணப்பப் படிவம் எல்லாம் ‘பக்கம் கிடைக்கவில்லை’ என்ற ஒற்றை வரியில் முடிந்துவிடுகின்றன. அரசின் இணையதளம் இன்று அதன் பொது ஆவணக் காப்பகமும்தான். தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின் 4-வது பிரிவு, தகவல்களைத் தாமாகவே முன்வந்து வெளியிடும்படி பொது அமைப்புகளைக் கேட்கிறது. வெளியிட்டது நிலைத்திருக்கவில்லை என்றால் அந்தப் பிரிவின் நோக்கம் நிறைவேறாது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. 2024-ல் வேர்டுபிரஸை நிறுவியவர்களில் ஒருவரான மேட் முல்லன்வெக்குக்கும், வேர்டுபிரஸ் தளங்களைப் பராமரிக்கும் பெரிய நிறுவனம் ஒன்றுக்கும் இடையே வணிக மோதல் வெடித்தது. அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள், வேர்டுபிரஸின் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து திருத்தங்களைப் பெறும் வழி அடைபட்டது. நிரல் அனைவருக்கும் பொதுவானது. ஆனால் அது வந்துசேரும் வாய்க்காலின் மதகு சிலரது கையில் இருக்கிறது என்பதை அந்த மோதல் உணர்த்தியது.

என்ன செய்யலாம்?

விலை கொடுத்து வாங்கும் மூடிய மென்பொருளுக்குத் திரும்புவது இதற்குத் தீர்வாகாது. ஆஸ்திரேலிய அரசு 2015-ல் ட்ருபல் அடிப்படையில் ஒரு பொதுமேடையை அமைத்து, பல துறைகளின் தளங்களை அதில் கொண்டுவந்தது. அடிப்படை நிரலைக் காப்பது மேடையின் பொறுப்பு. உள்ளடக்கம் துறையின் பொறுப்பு. நம்முடைய தேசியத் தகவலியல் மையமும் ‘எஸ்3வாஸ்’ என்ற பெயரில் இத்தகைய பொதுமேடையை நடத்துகிறது. மாவட்ட நிர்வாகத் தளங்கள் பல அதில் இயங்குகின்றன. ஒரே இடத்தில் கோளாறு ஏற்பட்டால் பல தளங்கள் சேர்ந்து முடங்கும் ஆபத்து இதில் உண்டு என்பதை 2018 ஏப்ரலே காட்டியது. எனினும், நள்ளிரவில் வரும் திருத்தத்தை நிறுவ ஒரு மையக் குழுவால் முடியும். ஒவ்வொரு சிறு துறையாலும் முடியாது.

பொதுமேடைக்கு வெளியே இருக்கும் வாரியங்கள், பல்கலைக்கழகங்கள், உள்ளாட்சி அமைப்புகளுக்குச் சில எளிய விதிகளாவது வேண்டும். கட்டுமானத்தையும் குறைந்தது ஐந்தாண்டுப் பராமரிப்பையும் ஒரே ஒப்பந்தமாக்கி, இரண்டின் விலையையும் சேர்த்து மதிப்பிட வேண்டும். செருகுநிரல்களின் பட்டியலும் நிர்வாகக் கடவுச்சொல்லும் துறையிடமே இருக்க வேண்டும். அவசரப் பாதுகாப்புத் திருத்தத்தை முதலில் நிறுவிவிட்டுத் தணிக்கையைப் பின்னர் செய்துகொள்ள அலுவலருக்கு அனுமதி வேண்டும். தளம் மாறினாலும் பழைய முகவரிகள் புதிய பக்கத்துக்கு இட்டுச்செல்ல வேண்டும் என்பது ஒப்பந்த நிபந்தனையாக வேண்டும்.

தமிழ்நாட்டு ஏரிகளுக்குக் குடிமராமத்து என்றொரு மரபு உண்டு. ஏரி ஊருக்குப் பொது. தண்ணீருக்கு விலை இல்லை. ஆனால், கரையைப் பலப்படுத்தவும் வாய்க்காலைத் தூர்வாரவும் ஒவ்வொரு குடும்பமும் உழைப்பைத் தர வேண்டும். தராத ஊரில் முதல் பெருமழையிலேயே கரை உடையும். திறந்தமூல மென்பொருளும் அத்தகைய பொதுச்சொத்துதான். தண்ணீரை மட்டும் எடுத்துக்கொள்ளும் அரசாக நாம் நீடித்தால், கரை உடையும் நாளில் பாதிக்கப்படுபவர், ஒரு சான்றிதழுக்காக அந்தத் தளத்தைத் திறந்து காத்திருக்கும் குடிமகனாகத்தான் இருப்பார்.